அக்காவின் ஒற்றைத் தலைவலிக்கு எங்கே காட்டலாம்?

கம்பத்திலிருந்து எழுதுகிறேன். அக்கா விடிகாலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் விண்விண்ணென்று தெறிக்கும், வாந்தி வரும், வெளிச்சமே ஆகாது, கதவைச் சாத்திப் படுத்தால் மறுநாள் வரை எழ முடியாது, கூலியும் போச்சு. மைக்ரேன் 72 மணி நேரம்வரைகூட நீடிக்குமாம், சரி. எனக்குப் பயமே மாத்திரைதான். முந்தானையில் முடிந்துவைத்து தினமும் போடுகிறார். பாராசிட்டமால்கூட மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும், சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்.

தேனி மெடிக்கல் காலேஜில் நரம்பியல் ஓபி எந்தக் கிழமை? கோட்டயத்தில் காட்டியவர்கள் உண்டா? வலி வராமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே தோட்ட வேலைக்குப் போக முடிந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.