புதுப்பிப்பு: மூன்று நாடு, ஒரே இ-சிம்

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் ஒரே இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போதும். நேற்றுத்தான் சேலம் திரும்பினேன்.

*#06# அழுத்தியபோது 32 இலக்க இஐடி (இ-சிம்முக்கான அடையாள) எண் வந்தது. போனில் இ-சிம் வசதி உண்டென்று தெரிந்தது. அஸ்தம்பட்டி வீட்டு வைஃபையிலேயே க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து இ-சிம்மை ஏற்றிவிட்டேன். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினால் சிக்னல் கோடுகள் நிறைய, இணையம் மட்டும் இல்லை. அரைமணி நேரம் விற்றவரைத் திட்டித் தீர்த்தேன். பாவம்! இந்திய சிம்முக்குப் பில் எகிறுமென்று பயந்து டேட்டா ரோமிங்கை (வெளியூர் நெட்வொர்க்கில் இணையம் தரும் வசதியை) அணைத்த நான், இ-சிம்முக்கும் சேர்த்தே அணைத்திருந்தேன். அதன்பின் சிங்கப்பூர் எல்லையான உட்லண்ட்ஸ் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் நெட்வொர்க் தானாக மாறிக்கொண்டது.

இதில் போன் எண்ணும் வருமா என்று ஏற்காட்டிலிருந்து கேட்ட அண்ணாவுக்கு: இது டேட்டா மட்டும், எண் கிடையாது. வங்கி ஓடிபிக்கு நம்மூர் சிம்மும் போனிலேயே இருக்கட்டும்.