அப்பளக் குழுவுக்கு நன்கொடை வேண்டாம், கடனாகக் கொடுப்போம்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். நம் மேலத்தெரு அக்காமார் பதினொரு பேர் சேர்ந்து அப்பளமும் பருப்புப் பொடியும் போட்டு விற்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கு நம் ஊர்ச் சங்கத்திலிருந்து 2 லட்சம் ரூபாய் கொடுத்துவிடலாம் என்று சிங்கப்பூர் அண்ணன் எழுதியிருந்ததைப் படித்தேன். பணம் கொடுப்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அதை நன்கொடையாகக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமான புதிதில் ஒன்பது வருடம் மும்பையில் இருந்தேன். கீழ் வீட்டு மராத்தி அக்கா, லிஜ்ஜத் பப்படம் என்ற பெண்களே நடத்தும் அப்பளச் சங்கத்துக்கு அப்பளம் தேய்ப்பவர். விடியும் முன்பே கிளம்பிப் போவார். முந்தின நாள் தேய்த்து உலர்த்திய அப்பளத்தை நிறுத்துக் கொடுத்து, கூலியை வாங்கிக்கொண்டு, அன்றைக்குப் பிசைந்த மாவோடு திரும்புவார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் மத்தியானம் வரை குழவி ஓயாது. கூலிக்குத் தேய்க்கிறேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, எங்கள் சங்கம் என்றுதான் சொல்வார். அங்கே அப்பளம் தேய்க்கும் ஒவ்வொரு பெண்ணும் பங்காளி என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காவில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் ஆரம்பித்தது அது. சகன்லால் கரம்சி பரேக் என்ற சமூக சேவகரிடம் 80 ரூபாய் வாங்கினார்கள். இனாமாக இல்லை, கடனாக. முதல் நாள் போட்டது நான்கே பாக்கெட். பூலேஷ்வரில் ஒரு வியாபாரியிடம் கொண்டுபோய் விற்றார்கள். முதலில் விலை குறைவாக இன்னொரு மட்ட ரகமும் போட்டார்கள், பரேக் அது கூடாது என்று தடுத்தார். ஒரே தரம்தான், கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். அவர் போட்டுக் கொடுத்த பாதை இதுதான். நஷ்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்கக் கூடாது என்பது அந்தப் பெண்கள் தாங்களே எடுத்த முடிவு. முதல் வருட விற்பனை 6,196 ரூபாய். உடைந்த அப்பளத்தை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

நம் குழுவுக்கு மிகவும் உதவக்கூடிய விஷயம் மழைக்காலக் கதை. முதல் வருடம் மும்பை மழையில் அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் வேலையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பை வைத்தார்கள். மழை பெய்தாலும் வேலை நிற்கவில்லை. ஆள் கூடிப் போய் இடம் போதாமல் ஆனதும், பிசைந்த மாவை வீட்டுக்கே கொடுத்தனுப்பும் வழக்கம் வந்தது. 1966-ல் சங்கமாகப் பதிவு செய்தார்கள், அதே வருடம் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் அங்கீகாரமும் கிடைத்தது. இன்றைக்கு சுமார் 45,000 பெண்கள் இருக்கிறார்கள். ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்த செய்தியைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழ் வீட்டு அக்காவை நினைத்துக்கொண்டேன்.

எல்லாமே அவர்களுக்குக் கைகூடியது என்றும் இல்லை. 1961-ல் மும்பையின் மலாட் பகுதியில் ஆரம்பித்த கிளை நடக்கவில்லை. தீப்பெட்டி, ஊதுபத்தி என்று இறங்கிப் பார்த்ததும் சரிவரவில்லை. லாபம் என்றால் எல்லோருக்கும், நஷ்டம் என்றாலும் எல்லோருக்கும் என்பதால், எதை விட வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்று அவர்களே உட்கார்ந்து முடிவு செய்தார்கள். ஆண்கள் சம்பளத்துக்கு வேலை செய்யலாம், உறுப்பினர் ஆக முடியாது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். ஆறு வருடம் முன்னால் நாம் எல்லோரும் சேர்ந்து மாவு அரைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். மோட்டார் எரிந்துபோய் இன்றும் சாவடிப் பக்கத்து அறையில் பூட்டிக் கிடக்கிறது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. என்ன வேண்டும் என்று நாம் அவர்களிடம் கேட்கவே இல்லை, நாமே தீர்மானித்து வாங்கிவிட்டோம். நம் தப்பு.

போன மாதம் ஊருக்குப் போனபோது அக்காமாரோடு திண்ணையில் உட்கார்ந்து பேசினேன். மெஷின் வேண்டாம் என்றார்கள். உளுந்தை மொத்தமாக வாங்கிப் போடக் கைமுதல் வேண்டும், சில்லறையில் வாங்கினால் ஒன்றும் மிஞ்சவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லாமல் ஏழெட்டு வாரம் கை கட்டி உட்கார வேண்டியிருக்கிறது, அதற்கு ஒரு உலர்த்தும் அறை வேண்டும். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் இல்லாததால் டவுன் கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார், அந்தப் பதிவுக்கு யாராவது கூட அலைய வேண்டும். கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கு இருக்கிற பேர் எங்களுடையதற்கும் வரணும் என்று மூத்த அக்கா சொன்னார். சும்மா வாய்வார்த்தைக்குச் சொன்னதில்லை அது. அவர் போடுகிற பிரண்டை அப்பளத்தைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

அதனால் என் யோசனை இது. 2 லட்சத்தை வட்டியில்லாக் கடனாகக் கொடுப்போம். தவணையை அவர்களே சொல்லட்டும், மழை மாதங்களுக்கு விலக்கு கொடுப்போம். கணக்கு நோட்டு அவர்கள் கையிலேயே இருக்கட்டும். சங்கத்தின் ஆள் என்று யாரையும் மேலே உட்கார வைக்க வேண்டாம். திரும்பி வருகிற பணத்தைக் கீழத்தெருவில் முறுக்கு, அதிரசம் போடுகிறவர்கள் கேட்டால் அவர்களுக்குக் கொடுக்கலாம். பதிவு எண் வேலைக்கு, ஓய்வு பெற்று ஊரிலேயே இருக்கும் பெரியவர்கள் யாராவது ஒரு நாள் கூடப் போய் வந்தால் பெரிய உதவி.

அப்புறம், விடுமுறைக்குப் போகிறவர்கள் திரும்பும்போது ஆளுக்கு இரண்டு கிலோ காசு கொடுத்து வாங்கி வாருங்கள். சொந்தக்காரர் என்று விலை குறைக்கச் சொல்லாதீர்கள். நான் வாங்கி வந்ததை இங்கே பக்கத்து வீட்டு மலையாளக் குடும்பத்துக்குக் கொடுத்தேன், அவர்கள் இப்போது நான்கு கிலோ கேட்டிருக்கிறார்கள். தை மாதம் ஊரிலிருந்து திரும்புகிறவர்கள் யாராவது மஸ்கட் வழியாக வந்தால் சொல்லுங்கள். கடன் யோசனைக்குச் சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் ஒரு வரி எழுதிவிடுங்கள், அக்காமாருக்கு நான் தகவல் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
மேலத்தெரு வாத்தியார் வீட்டு இளைய மகள்
மஸ்கட்