பழைய வீட்டைச் சுற்றி மரக்கூடு: காப்பதா, காட்டுக்குக் கொடுப்பதா?

வாவிக்கரையான்: மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் எங்கள் பூட்டனார் கட்டிய சுண்ணாம்புச் சுவர் வீடு. வாடை மழை அடித்து அடித்துக் கிழக்குச் சுவர் சரிகிறது. இடிக்க மனமில்லை. சுவரைத் தொடாமல் மூன்றடி தள்ளி மரத்தூண் நட்டு, கூரை போட்டு, வீட்டையே ஒரு மரக்கூட்டுக்குள் வைக்கப் பார்க்கிறேன். கொடி படரட்டும், பாசி பிடிக்கட்டும். மரம் உக்கினால் மாற்றலாம், அந்தச் சுவரை மாற்ற முடியாது.

பாலைமரம்: தம்பி, கொடியை மட்டும் விடாதீர்கள். காக்கை எச்சத்தில் ஓர் அரசம் விதை போதும், வேர் சாந்துக்குள் இறங்கிக் கல்லைப் பிளந்துவிடும். பெருமர வேர்கள் சுவரைக் கவ்வி நிற்கும் கம்போடியாவின் தா புரோம் கோயில் படத்தைப் பார்த்து மயங்குகிறோம். அங்கே வேரை வெட்டினாலும் சுவர் விழும், விட்டாலும் பிளக்கும். அந்த நிலைக்கு நாமே வலியப் போவதா?

வாவிக்கரையான்: அண்ணன், ஜப்பானில் மரத்தாலான இசே கோயிலை 20 வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள், கடைசியாக 2013இல். நம் அப்பாமார் கிடுகு வேலியை வருடா வருடம் மாற்றவில்லையா? உக்கும் என்று தெரிந்துதானே கட்டினார்கள்.

பாலைமரம்: வேலி கட்ட ஊரில் ஆள் இருந்தது. இசேயில் தச்சர்கள் தலைமுறையாகத் தொழில் பழகுகிறார்கள். உங்கள் கூட்டை யார் மாற்றுவது? பிள்ளைகள் கனடாவில். மட்டக்களப்பைத் தாக்கிய 1978 நவம்பர் 23 சூறாவளியன்று எனக்குப் பதினொரு வயது. தென்னைகள் முறிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உக்கிய சட்டத்தைக் காற்று பிடுங்கினால், காக்க வந்த சுவர்மேல்தான் அது விழும்.

கல்லடித் தச்சன்: இரண்டு பேரும் ஈரத்தை மறந்துவிட்டீர்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடவேண்டும். சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே சிக்கி உப்புப் பூக்கும், பூச்சு உதிரும். இறுக்கமாகப் பலகை அடித்தாலும் சுவர் காயாது. மேற்குப் பக்கம் பலகைகளை இடைவெளி விட்டு அடியுங்கள், மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று புகுந்து காயவைக்கும். தூண் முதிரை மரமாக இருக்கட்டும், அடி மண்ணைத் தொடாமல் கருங்கல்லில் நிற்கட்டும். கறையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும்.

வாவிக்கரையான்: சரி. அப்போ மண்ணில் நடவில்லை, கல்லில் நிறுத்துகிறேன். அரசு, ஆல் கன்றுகளை மாதம் ஒருமுறை நானே பிடுங்குகிறேன். வெளிப்பலகையில் முல்லை மட்டும்.

பாலைமரம்: முல்லைக்குச் சம்மதம். ஆனால் கல்லின்மேல் சும்மா நிற்கும் தூணைச் சூறாவளி தூக்காதா? நிலத்தோடு எப்படிப் பிணைப்பீர்கள்? அதைச் சொல்லுங்கள், அப்புறம் பார்ப்போம்.