எத்தனாவது நாள் காய்ச்சல்? தோட்டத்துப் பக்கம் பார்ப்பதும் செய்வதும்

(மலேசியத் தோட்டத்து ஆட்கள் மாறிமாறிச் சொல்வது. டிரெஸ்ஸர் தோட்டத்து மருத்துவ உதவியாளர், மிஸ்ஸி நர்ஸ், மண்டோர் வேலை மேற்பார்ப்பவர்.)

பழைய டிரெஸ்ஸர்:

மழை இறங்கிவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் நம் பேராக் பக்கம் ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ, தெலுக் இந்தான் என்று எந்தக் கிளினிக்குப் போனாலும் பெஞ்சில் இடம் இருக்காது. வருகிற எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: காய்ச்சல், மண்டையிடி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. டிங்கி, எலிக் காய்ச்சல், புதர் டைபஸ் மூன்றும் முதல் இரண்டு நாள் ஒரே முகம்தான் காட்டும். காய்ச்சல் எத்தனாவது நாள், போன இரண்டு வாரம் கையும் காலும் எங்கே கிடந்தன என்ற இரண்டு கேள்விதான் ஆளைப் பிரித்துக் கொடுக்கும்.

நாள் எண்ணுவது லேசான காரியம் இல்லை. "நேத்துலேர்ந்துதான்" என்பார். ஞாயிற்றுக்கிழமையே சுட்டிருக்கும், இரண்டு பெனடோல் (பாராசிட்டமால்) போட்டுக்கொண்டு செம்பனைப் (பாமாயில்) பழம் வெட்டப் போயிருப்பார், அது அவர் கணக்கில் வராது. "பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) அன்னிக்கு நல்லா இருந்தீங்களா? எந்த வேளைச் சோறு முதல்ல இறங்கல?" என்று கேளுங்கள். சரியான தேதி வந்துவிடும். அதை எம்சி (மருத்துவ விடுப்பு) துண்டிலோ கைப்பேசியிலோ எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

டிங்கியில் காய்ச்சல் 2 முதல் 7 நாள். ஆபத்து காய்ச்சல் ஏறும்போது இல்லை, இறங்கும்போது. மூன்றாம் நாளுக்குப் பிறகு, பெரும்பாலும் நாலிலிருந்து ஆறுக்குள், சூடு தணியும். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும். ஆள் "விட்டுருச்சு" என்று குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவது சரியாக அந்த நேரம். சூடு தணிந்ததோடு பசியும் வந்து, ஒன்றுக்கும் நன்றாகப் போனால் அது குணம். சூடு தணிந்தும் வயிறு வலி, விடாத வாந்தி அல்லது பேதி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சுருண்டு படுக்கிற சோர்வு அல்லது இருப்புக்கொள்ளாத தவிப்பு, கைகால் சில்லிப்பு இதில் ஒன்று இருந்தாலும் அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று பார்க்காதீர்கள். விரல் நகத்தை வெளுக்கும்வரை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் இரத்த ஓட்டம் குறைகிறது.

மிஸ்ஸி:

டிரெஸ்ஸர் ஐயா சொன்னதோட வீட்ல பார்க்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது அஞ்சு கிளாஸ் போகணும், வெறும் பச்சைத் தண்ணி மட்டும் இல்ல. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி, பார்லி, பால், பழச்சாறு, ஓஆர்எஸ் (உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி) எது இறங்குதோ அது. ஓஆர்எஸ் பாக்கெட்ல 250 மில்லின்னு போட்டிருந்தா 250 மில்லிதான். பெரிய ஜக்ல ஒரு பாக்கெட்டக் கரைச்சா பலன் இல்ல, அரை கிளாஸ்ல கரைச்சா பிள்ளைக்கு உப்பு ஏறிடும். சிவப்பு சிரப் தண்ணி, காப்பி, மைலோ வேணாம். வாந்தி எடுத்தா இரத்தமா சிரப்பான்னு யாருக்கும் தெரியாது. ஒன்னுக்கு நாலுலேர்ந்து ஆறு தடவை போகணும். ஆறு மணி நேரம் போகலன்னா கூட்டிட்டு வாங்க.

காய்ச்சல் மருந்து பாராசிட்டமால் மட்டும். பெரியவங்களுக்கு 500 மில்லிகிராம் ரெண்டு மாத்திரை, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல கூடாது. பொன்ஸ்தான், புரூஃபென், வோல்டரன், ஆஸ்பிரின்னு வலி மாத்திரை எதையும் தொடாதீங்க, இரத்தப்போக்க அதிகமாக்கும். "ஊசி போட்டா சட்டுனு விடும்"னு கேக்கிறவங்களுக்கும் இதேதான். பிளேட்லெட் (இரத்தத்த உறைய வைக்கிற தட்டணு) இறங்கின உடம்புல பிட்டத்துல குத்தினா உள்ளேயே இரத்தம் கட்டிக்கும்.

பிள்ளைங்களுக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். இங்கதான் அடிக்கடி தப்பு நடக்குது. 16 கிலோ பிள்ளைக்கு 240 மில்லிகிராம் வேணும். 5 மில்லிக்கு 120 மில்லிகிராம்னு போட்ட பாட்டில்னா 10 மில்லி. 5 மில்லிக்கு 250 போட்ட பாட்டிலும் கடையில இருக்கு. அதுல 5 மில்லிக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் ஊத்தணும். பாட்டில் மாறினது தெரியாம பழைய கணக்குல 10 மில்லி ஊத்தினா ரெண்டு மடங்கு. அட்டைப் பெட்டியத் தூக்கிப் போடாதீங்க, பாட்டிலோட எடுத்துட்டு வாங்க.

லேப் ஆள்:

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லோர் கண்ணும் பிளேட்லெட்டுக்குத்தான் ஓடும். 90 ஆயிரம் என்றால் வீடே அழும். பக்கத்தில் ஹெமடோகிரிட் (இரத்தத்தில் சிவப்பு அணு எத்தனை விழுக்காடு) என்று ஒரு வரி இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. நீர் கசிந்தால் இரத்தம் கெட்டியாகும், அந்த எண் ஏறும். ஆணுக்கு 46-க்கு மேல், பெண்ணுக்கும் சின்னப் பிள்ளைக்கும் 40-க்கு மேல் போனால் கசிவு இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். பிளேட்லெட் வேகமாக இறங்கிக்கொண்டே ஹெமடோகிரிட் ஏறுவதுதான் கெட்ட சேர்க்கை. வெள்ளை அணு இவை இரண்டுக்கும் முன்னாலேயே குறைந்துவிடும்.

என்எஸ்1, டிங்கிக் கிருமியின் புரதத்தைத் தேடுவது, முதல் ஐந்து நாளுக்கான சோதனை. ஐஜிஎம் (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) ஐந்தாம் நாள் வாக்கில்தான் தலைகாட்டும். ஆறாம் நாள் வந்து என்எஸ்1 மட்டும் எடுத்து "டிங்கி இல்லை" என்று எழுதி வாங்கிப் போவதில் அர்த்தமே இல்லை. இரண்டாம் முறை டிங்கி வருகிறவருக்கு என்எஸ்1 தவறிப்போகிற வாய்ப்பும் அதிகம்; இரண்டாம் முறைதான் கடுமையாகிற வாய்ப்பும் அதிகம். மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு முறை இரத்தம் எடுங்கள்.

பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்பீர்கள். "குடிச்சேன், பிளேட்லெட் ஏறிச்சு" என்பார்கள். அந்த நாளில் அது தானாகவும் ஏறும். கசிவை அது நிறுத்தாது. வாந்தி எடுக்கிற ஆளுக்கு அந்தக் கசப்பை ஊற்றினால் உள்ளே போன கஞ்சியும் வெளியே வந்துவிடும்.

பழைய டிரெஸ்ஸர்:

நன்றி தம்பி. இனி இரண்டாம் கேள்விக்கு வருகிறேன், கையும் காலும்.

செம்பனையில் எலி உண்டு, அதற்காகத்தான் தோட்டங்கள் கூண்டு வைத்து ஆந்தை வளர்க்கின்றன. எலியின் மூத்திரம் கலந்த ஈர மண்ணும் தேங்கிய நீரும் காயம் பட்ட தோல் வழியாக உள்ளே போவதுதான் எலிக் காய்ச்சல், மலாய்க்காரர்கள் கென்சிங் திக்குஸ் என்பது. உதிரிப் பழத்தை வெறும் கையால் பொறுக்குகிறவர், முள் குத்திய விரல், ஓட்டை பூட்ஸில் பாரிட் (வடிகால்) தண்ணீர், வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவியவர், ஆற்றில் குளித்த பையன்கள் இவர்களிடம் கேளுங்கள். அந்த நீர் பட்ட பிறகு காய்ச்சல் வர இரண்டு நாளிலிருந்து முப்பது நாள்வரை ஆகலாம். பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரம். ஆகவே "நேத்து எங்கே போனீங்க" என்பது வீண் கேள்வி.

அடையாளம் கெண்டைக்கால். ஆளை மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, கெண்டைச் சதையை நாலு விரலால் மெல்லப் பிடித்து அழுத்துங்கள். டிங்கிக்காரர் முனகுவார், எலிக் காய்ச்சல்காரர் பலர் காலையே இழுத்துக்கொள்வார். இடுப்பும் அப்படித்தான். கண் சிவந்திருக்கும், ஆனால் பீளை இருக்காது. இது இரண்டும் இருந்து, தோட்ட வேலையும் என்றால் டாக்டர் சோதனை முடிவுக்குக் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது. முதல் சில நாளில் இரத்தச் சோதனை இல்லை என்றே காட்டலாம். மூத்திரம் தேத்தண்ணீர் நிறமாகிக் குறைவது, கண் மஞ்சளாவது, மூச்சு வாங்குவது, இருமலில் இரத்தம் இவை வந்தால் வீட்டு வைத்தியம் முடிந்தது, ஆஸ்பத்திரியில் ஊசி மருந்துதான்.

லேசான நிலையில் டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏழு நாள். இதில் கெட்டுப்போவது இப்படி: ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுப்பார்கள், மாத்திரை தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாகும். ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். பாலோடு கூடாது. வெயில் பட்டால் தோல் கருகும், பழம் வெட்டுகிறவருக்கு இதைச் சொல்லாமல் அனுப்பாதீர்கள். கர்ப்பிணிக்கும் 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் டாக்டர் வேறு மருந்து எழுதுவார். முதல் மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் குளிரும் நடுக்கமும் கூடலாம். கிருமி செத்து உடைவதால் வருவது, ஒவ்வாமை என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

புதர் டைபஸ் லாலாங் புல்லில் இருக்கிற சிற்றுண்ணிக் (மைட்) குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, பட்டாணி அளவு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு நாடா இறுகும் இடம், மார்புக்குக் கீழே, காதுக்குப் பின்னால் என்று உடுப்பைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். கருத்த தோலில் மச்சம் என்று விட்டுவிடுவது சுலபம், டார்ச் அடித்துப் பாருங்கள். பெண்களை மிஸ்ஸிதான் பார்க்க வேண்டும். இதற்கும் டாக்சிசைக்ளின்தான். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் நாம் நினைத்த நோய் தப்பாக இருக்கலாம்.

இந்த நோய்க்கும் நம் மண்ணுக்கும் பழைய உறவு. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில்தான் 1920-களில் வில்லியம் ஃபிளெட்சர் தோட்டத்து டைபஸையும் பட்டணத்து டைபஸையும் பிரித்துக் காட்டினார். 1948-இல் ஜோசப் ஸ்மேடல் குழு குளோராம்பெனிகால் மருந்தை இதே நோய்க்குச் சோதித்துப் பார்த்ததும் கோலாலம்பூரில்தான்.

மிஸ்ஸி:

அம்மையப் பத்தி யாரும் எழுதல. வேப்பிலை கட்டி, ஆள் வரத்து நிறுத்தி, தனிப் பாயில படுக்க வைக்கிற வழக்கம் ரொம்பச் சரி. கொப்புளம் வர ரெண்டு நாள் முன்னாடியே தொத்த ஆரம்பிக்கும், கடைசிக் கொப்புளம் காய்ஞ்சு பொருக்கு கட்டுறவரை தொத்தும். மூணு தண்ணி ஊத்துற கணக்கும் பெரும்பாலும் அதுக்குள்ள அடங்கிடும். ஆனா தண்ணி ஊத்துற வரைக்கும் குளிக்கவே கூடாதுன்னு இல்ல. தேய்க்காம வெதுவெதுப்புத் தண்ணி ஊத்தினா சீழ் பிடிக்கிறது குறையும். வேப்பிலையால தடவுறதும் நல்லதுதான், நகத்தால சொறியிறதவிட மேல்.

வம்பு எங்கன்னா, "அம்மா வந்திருக்கு, மருந்து ஆகாது"ன்னு பெரியவங்களையும் வீட்லயே வெச்சிருக்கிறது. பிள்ளைங்களுக்கு லேசாப் போயிடும். பெரியவங்களுக்கு நுரையீரல்ல இறங்கலாம். கொப்புளம் கிளம்பின 24 மணி நேரத்துக்குள்ள வந்தா அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு அஞ்சு தடவை, ஏழு நாள். அதுக்கப்புறம் பலன் குறைவு. இருமல், மூச்சு வாங்குதுன்னா எத்தனாவது நாளா இருந்தாலும் வாங்க. சாமிக்குக் கோபம் வராது. வயித்துல பிள்ளை இருக்கிறவங்க, அம்மை போட்ட வீட்டுக்குப் போய் வந்தா கொப்புளத்துக்குக் காத்திருக்காம அன்னிக்கே சொல்லுங்க.

கை, கால், வாய்ப்புண் நோயையும் அம்மைன்னு நினைச்சு வேப்பிலை வெச்சிடறாங்க. அம்மை நெஞ்சுலயும் முதுகுலயும் அதிகம், புதுசும் பழசும் கலந்து இருக்கும். இது உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள்ள, பிட்டத்துல. பால்வாடியில ஒரு பிள்ளைக்கு வந்தா அடுத்த வாரம் பாதிப் பிள்ளைக்கு வரும். சானிடைசர் இந்தக் கிருமிக்கு அவ்வளவா வேலை செய்யாது, சோப்புப் போட்டுக் கழுவணும், பம்பர்ஸ் மாத்தின கைய முக்கியமா. பொம்மைக்கும் மேசைக்கும் ஒரு லிட்டர் தண்ணியில 20 மில்லி குளோரோக்ஸ் (பிளீச்), பத்து நிமிஷம் ஊற விட்டுத் துடைக்கணும். டாய்லெட் ஆசிட்டோட கலந்தா விஷவாயு வரும், வேணாம். பிள்ளை தூக்கத்துல திடுக்குத் திடுக்குனு உதறினா, நடை தள்ளாடினா, உடனே ஆஸ்பத்திரி. 1997-ல சரவாக்ல பிள்ளைங்க இறந்தது இந்த நோய் பரவின நேரத்துலதான்.

மருந்துக்கடை அக்கா:

சிரங்கு மருந்து வாங்குறவங்க ஒரு டியூப் மட்டும் கேட்பாங்க. ராத்திரி அரிப்பு, விரல் இடுக்குல பொரி, வீட்ல இன்னொருத்தருக்கும் இருக்குன்னா எல்லாருக்கும் ஒரே ராத்திரி போடணும், அரிக்காதவருக்கும். பெர்மெத்ரின் 5 விழுக்காடு, கழுத்துலேர்ந்து உள்ளங்கால் வரை, நகத்தடியிலயும், 8 மணி நேரத்துக்குக் குறையாம. ஏழு நாள் கழிச்சு இன்னொரு தடவை. கொங்சி வீடுகள்ல (பல பேர் சேர்ந்து தங்குற வீடு) மாறிமாறிப் போடுறதாலதான் வருஷம் பூரா தீராம இருக்கு. அதுக்கப்புறமும் ரெண்டு, மூணு வாரம் அரிக்கும். மருந்து வேலை செய்யலன்னு தினமும் பூசித் தோலைப் புண்ணாக்காதீங்க.

இருமல் மருந்து மூணாவது பாட்டில் கேட்டு வர்றவங்களுக்கு நான் விக்கிறதில்ல. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளி சோதனை, கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்). சர்க்கரை இருக்கிறவங்க இன்னும் சீக்கிரம். காசநோய் மருந்து ஆறு மாசம். ரெண்டாவது மாசம் எடை ஏறி, இருமல் நின்னதும் விட்டுடறாங்க, மிச்சம் இருக்கிற கிருமி மருந்துக்கு மசியாததா திரும்பி வருது. மூத்திரம் ஆரஞ்சு நிறமா போனா பயப்படாதீங்க, ரிஃபாம்பிசின் அப்படித்தான். கண் மங்கினா, கண் மஞ்சளானா அன்னிக்கே வாங்க.

மண்டோர்:

கேள்வி ஒன்னு. லயத்துக்குப் பின்னாடி தண்ணி பிடிச்சு வெக்கிற பெரிய தோங் (பீப்பாய்) இருக்கு. அபேட் (கொசுப்புழு மருந்து) எவ்வளவு போடணும்? போனவாரம் புகை அடிச்சாங்க, இருந்தும் கொசு.

பழைய டிரெஸ்ஸர்:

மண்டோர், புகை பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும். தண்ணீரில் இருப்பது அடுத்த வாரம் பறக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு, பத்து நாள் போதும். அபேட் 1 விழுக்காட்டு மணல் பத்து லிட்டருக்கு ஒரு கிராம். உங்கள் தோங் 200 லிட்டர் என்றால் 20 கிராம், தோங் பாதி காலியாக இருந்தாலும் முழுக் கொள்ளளவுக்கே போடுங்கள். போடுமுன் தண்ணீரைக் கொட்டி, உள் சுவரில் தண்ணீர்க் கோடு இருக்கும் இடத்தை பிரஷ்ஷால் தேயுங்கள். முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் நனைந்தால் பொரிக்கும்.

பால்மரம் வெட்டாமல் விட்ட பழைய மலையையும் (ரப்பர்க் காடு) ஒரு நடை பாருங்கள். பால் பிடிக்கிற மங்குகள் நிமிர்ந்தபடியே கம்பியில் தொங்கும், மழை பெய்தால் மரத்துக்கு ஒரு கிணறு. கவிழ்த்து மாட்டினால் போதும். கோயிலுக்குப் பின்னால் கிடக்கிற மண்சட்டிகளைப் பூசாரியிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.