புதிய தொழில்நுட்பத்தை வடிவமைப்பு மாணவர்களுக்கு எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது?

ஸ்டுடியோ ஆசிரியர்:
வணக்கம். தொழில்துறை வடிவமைப்பு மூன்றாம் ஆண்டுக்கு வகுப்பெடுக்கிறேன். சென்சார், 3டி பிரின்டர், செயற்கை நுண்ணறிவு ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் நடத்தும்படி புதிய தாள் ஒன்று வந்திருக்கிறது. சென்ற வாரம் ஒரு மாணவி, ஏஐ வரைந்து கொடுத்த மிக்சி ஜாடியின் படத்தைக் கொண்டுவந்தார். பார்க்க அவ்வளவு அழகு. கைப்பிடிக்கும் ஜாடிக்கும் நடுவே நான்கு விரல் நுழையுமா என்று கேட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாரே தவிர, அளவு சொல்ல முடியவில்லை. மூடி எப்படிப் பூட்டிக்கொள்ளும் என்பதற்கும் விடையில்லை. கருவியைத் தடைசெய்ய எனக்கு மனமில்லை. எதை முதலில், எவ்வளவு ஆழத்துக்கு நடத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மின்கம்பி:
மூன்றையும் மேலோட்டமாக நடத்துவதைவிட ஒன்றில் ஊன்றி நிற்பதே நல்லது. இத்தாலியில், ஒலிவெட்டி தட்டச்சுப் பொறிகளின் ஊரான இவ்ரேயாவில் இருந்த இன்டராக்‌ஷன் டிசைன் பள்ளியில்தான் சென்சார், மோட்டார் போன்றவற்றை இணைத்து இயக்க உதவும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோ 2005இல் பிறந்தது. அதற்கு முன்பே அங்கு மாணவராயிருந்த ஹெர்னாண்டோ பர்ரகான் தம் முதுகலை ஆய்வுக்காக ‘வயரிங்’ என்ற தளத்தை உருவாக்கியிருந்தார். (அவருக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.) மின்னணுவியல் படிக்காத மாணவரும் களிமண்ணைப் போல மின்சுற்றைக் கையிலெடுத்துப் பிசைந்து பார்க்க வேண்டும் என்பதே அந்த முயற்சிகளின் நோக்கம். நான் ஒரு வாரம் முழுவதும் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்றை மட்டும் கொடுப்பேன். எவர்சில்வர் தட்டுக்கு எதிரே நேராக வைத்தால் சரியாக அளக்கும். தட்டைச் சாய்த்தாலோ துண்டைத் தொங்கவிட்டாலோ எதிரொலி திரும்பாமல் எண்கள் தாறுமாறாக ஓடும். அது எங்கே தவறும் என்ற பட்டியலை எழுதியவருக்குத்தான் அடுத்த வாரம் வடிவமைக்க அனுமதி.

அச்சுப் பட்டறை:
நான் ஆசிரியர் அல்லன். பிளாஸ்டிக் பொருள்களை வார்க்கும் மோல்டு செய்பவன். பிரின்டரில் வந்துவிட்டதால் தொழிற்சாலையிலும் வந்துவிடும் என்று நம்பிப் பல இளைஞர்கள் வருகிறார்கள். மோல்டிலிருந்து பொருள் உரசாமல் கழன்று வர, பக்கச் சுவருக்குப் பொதுவாக ஒரு டிகிரியாவது சாய்வு வேண்டும். பிரின்டர் அதைக் கேட்பதே இல்லை. அந்த மாணவியின் கைப்பிடியையே பாடமாக்குங்கள், ஐயா. ஒன்றைப் படுக்கவைத்தும் இன்னொன்றை நிற்கவைத்தும் அச்சிட்டு, இரண்டிலும் எடையைத் தொங்கவிடுங்கள். நிற்கவைத்து அச்சிட்டது அடுக்கோடு அடுக்கு பிரிந்து முதலில் உடையும். பிரின்டரில் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் என்றால் 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும்; அதனால் வெந்நீரிலும் ஒருமுறை கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரைக்குப்பின்:
மின்கம்பி சொன்ன முறை சென்சாருக்குப் பொருந்தும். ஏஐக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் கருத்து, ஏனெனில் அதன் பிழை ஒரே இடத்தில் நிற்பதில்லை. 1980களில் ஜான் கெல்லி பெயரிட்ட ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ முறையைப் பயன்படுத்துங்கள்: பேச்சைப் புரிந்துகொள்ளும் மிக்சியைச் செய்வதற்கு முன், திரைக்குப் பின்னால் ஒரு மாணவர் உட்கார்ந்து சுவிட்சைப் போடட்டும். வேண்டுமென்றே பத்தில் இரண்டு முறை தவறாகப் புரிந்துகொள்ளட்டும். சட்னி அரைக்க வந்தவர் அப்போது எந்தப் பொத்தானைத் தேடுகிறார் என்பதைக் கவனித்து எழுதினால், வடிவமைக்க வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

ஸ்டுடியோ ஆசிரியர்:
மூவருக்கும் நன்றி. ஏஐ படங்களை ஆறாவது வாரத்துக்குத் தள்ளிவைக்கிறேன். அதுவும் சுவரின் தடிமன் குறித்த குறுக்குவெட்டு வரைபடத்தோடு வந்தால்தான் மதிப்பெண். கைப்பிடிகள் இரண்டும் திங்கட்கிழமை அச்சாகின்றன. எடைக்கு வாளியும் தண்ணீரும் போதும் என்று நினைக்கிறேன். அச்சுப் பட்டறை ஐயா, நாலு லிட்டரில் தொடங்கலாமா?

அச்சுப் பட்டறை:
இரண்டில் தொடங்குங்கள். அரை அரை லிட்டராக ஏற்றினால்தான் எங்கே விரிசல் விடுகிறது என்று பார்க்க முடியும்.