மழைக்காலத்தில் கதவு உரசுகிறது: கதவை இழைப்பதா, நிலையைச் சரிசெய்வதா?

கேள்வி (வீட்டுக்காரர், கும்பகோணம்):
வணக்கம். சென்ற கோடையில் கட்டி முடித்த எங்கள் வீட்டின் படுக்கையறைக் கதவு, ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து பூட்டுப் பக்கத்தில், ஏறக்குறைய இடுப்பு உயரத்தில், நிலைக்காலோடு உரசுகிறது. நிலை வேப்பமரம், ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டம். அதே பக்கத்தில் மரமும் பூச்சும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக மயிரிழை விரிசலும் தெரிகிறது. கதவை இழைத்தால் போதும் என்கிறார் ஆசாரி. லிண்டல் (கதவுத் திறப்புக்கு மேலே குறுக்காகப் போகும் உத்தரம்) இறங்கி நிலையை அழுத்துகிறதோ என்று சந்தேகப்படுகிறார் கொத்தனார். எதை நம்புவது?

மறுமொழி (கட்டடப் பொறியாளர்):
இழைப்புளியை எடுப்பதற்கு முன் நிலையை அளந்துவிடுங்கள். உள் அகலத்தை மேல், நடு, அடி என மூன்று இடங்களிலும், மூலைக்கு மூலை குறுக்களவை இரண்டு பக்கமும் எடுத்து, இரு கால்களுக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள்.

சுவரின் பாரத்தைத் தாங்குவது நிலை அன்று. திறப்பின் இருபுறமும் ஆறு அங்குலமாவது சுவரில் அமர்ந்திருக்கும் லிண்டல்தான் அதை வாங்கிச் செங்கல்லுக்குக் கடத்துகிறது. நிலைக்கால்களின் வேலை, கீல்கள் வழியாகக் கதவின் எடையை வாங்கிக் கிளாம்புகள் (நிலையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகள்) மூலம் சுவரில் சேர்ப்பதும், கதவு வந்து பொருந்துவதற்குக் காடி (சட்டத்தில் வெட்டிய படிப்பள்ளம்) தருவதுமே. லிண்டல் இறங்கியிருந்தால் நிலையின் மேல்சட்டம் தொய்ந்து கதவின் தலை உரசும். லிண்டல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் கிளம்பும். நீங்கள் சொல்லும் நேர்விரிசல், மரம் ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் சுருங்குவதால் பூச்சோடு ஒட்டு விடுவது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி ஐயா. அகலம் மேலும் அடியும் 30 அங்குலம். நடுவில் கால் அங்குலம் குறைகிறது. குறுக்களவுகள் சமம். கீல் பக்கக் கால் குண்டுக்கு ஒத்து நிற்கிறது. பூட்டுப் பக்கக் கால் மட்டும் நடுவில் உள்வாங்கியிருக்கிறது. கதவை அடித்துச் சாத்தினால் அந்தக் கால் அதிர்கிறது.

மறுமொழி (மரவேலை செய்பவர்):
அப்படியானால் நோய் கதவில் இல்லை. நிலையை நிறுத்திச் சுவர் எழுப்பும்போது இரு கால்களுக்கும் நடுவே குறுக்குச்சட்டம் முட்டுக் கொடுக்காமல் விட்டால், பின்னால் திணிக்கும் கலவை காலை உள்ளே தள்ளிவிடும். கோடையில் இருந்த சிறு இடைவெளி அதை மறைத்திருக்கிறது. மழையில் கதவு அகலவாக்கில் உப்பியதும் வெளிப்பட்டுவிட்டது. கால் அதிர்வதைப் பார்த்தால் நடு கிளாம்பு கான்கிரீட்டில் சரியாகப் பிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். இப்போது இழைத்தால் பங்குனியில் அங்கே சந்து விழும்.

அந்த இடத்தில் ஓர் அடி உயரத்துக்குப் பூச்சை உடைத்து, பின்னால் உள்ள கலவையைச் சுரண்டி எடுத்து, காலை வெளிப்பக்கம் தள்ளி ஆப்பு வையுங்கள். பின்பு காடிக்குள் துளையிட்டு, சுவர் வரை போகும் நீள ஆங்கர் போல்ட்டால் இறுக்கிவிட்டுச் சிறுசல்லிக் கான்கிரீட் நிரப்புங்கள். திறந்த மரமுகத்துக்கு முதலில் தார் பூசுங்கள். இல்லையேல் சுவரின் ஈரத்தை மரம் குடித்துக்கொண்டே இருக்கும்.

கேட்டவர்:
இதை இப்போதே செய்யலாமா? விரிசலை மறுபடி பூசி மூடலாமா?

மறுமொழி (கட்டடப் பொறியாளர்):
பொங்கல் கழித்து, மரம் காய்ந்தபின் செய்யுங்கள். கதவைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கிறதா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம். விரிசலைப் பூசினால் அடுத்த மழைக்கு மறுபடி விடும். அதன்மேல் மெல்லிய மரச்சட்டம் அடித்து மூடுங்கள். ஆணி நிலையில் மட்டும் இறங்கட்டும், சுவரில் வேண்டாம்.