எலும்பு வார்டில் இருந்து ஐசியூ வந்ததும் கை நடுங்குது

கேள்வி:
பிசியோதெரபிஸ்டா நாலு மாசம் எலும்பு வார்டு. மூட்டு மாத்தின மறுநாளே வாக்கர் குடுத்து நடக்க வைப்பேன், முழங்கால் எத்தனை டிகிரி மடங்குதுன்னு அளப்பேன். கை பழகிடுச்சு. திங்கள்கிழமை ஐசியூவுக்கு மாத்திட்டாங்க. முதல் நோயாளியைக் கட்டில் ஓரத்துல உட்கார வெச்சுட்டு மானிட்டரையே பார்த்துட்டிருந்தேன். சிஸ்டர்தான் "முகத்தைப் பாருங்க!"ன்னு சத்தம் போட்டாங்க. உதடு வெளுத்து, நெத்தியெல்லாம் வேர்வை. உடனே படுக்க வெச்சதும் சரியாயிட்டார். எனக்குத்தான் இன்னும் சரியாகல. எப்படிச் சமாளிச்சீங்க?

பதில் 1:
படுத்திருக்கும்போதே பிபி பார்த்துடுங்க, உட்கார்ந்ததும் ஒரு தடவை, நின்னதும் ஒரு தடவை. நின்ன 3 நிமிஷத்துக்குள்ள மேல் அளவு 20 இல்லேன்னா கீழ் அளவு 10 இறங்கினா உஷாராயிடணும். எழுப்புறதுக்கு முன்னாடி கணுக்காலை நல்லா ஆட்டச் சொல்லுங்க. பேச்சுக் குடுத்துட்டே இருங்க, பதில் குழறினா அதுவே அலாரம்.

பதில் 2:
நோயாளி உடம்புல மாட்டியிருக்கற குழாயைப் பத்திச் சொல்ல விட்டுட்டீங்களே! ஒவ்வொண்ணும் எங்க போகுதுன்னு விரலால தொட்டுப் பார்த்துட்டுத்தான் நான் ஆளைத் திருப்புவேன். ஒரு தடவை யூரின் பையைக் கட்டில் கம்பியிலயே மறந்துட்டேன். அந்த அம்மா போட்ட அலறல் இன்னும் காதுல இருக்கு.

கேட்டவர்:
இன்னைக்கு சிஸ்டரையும் பக்கத்துல நிறுத்திட்டு அதே ஆளை உட்கார வெச்சேன். 5 நிமிஷம் தாங்கினார். "நேத்து நீ பயந்த மாதிரி நான்கூட பயப்படலம்மா"ங்கறார்.